கட்டுமுன் கேட்கும் வினா

நூலொன்றை இயற்றியோர் கற்றோர் அவையில் அரங்கேற்றிய பின்னரே அதனை உலகிற்கு அளித்தல் நந்தமிழ் மரபு. தொல்காப்பியமும் அதங்கோட்டாசான் முன்னிலையில் உரைக்கப்பெற்றுக் குற்றம் நீங்கியது என்று அதன் பாயிரம் கூறும். அம்மரபினைப் போற்றும் எமது கல்லூரியிற் பயின்று, இன்று மென்பொருள் ஆக்கும் தொழிலால் வாழும் யாம், அதனை ஒருபடி முன்னே நகர்த்துதல் வேண்டும் என்று கருதுகின்றோம். நூலுக்கு அரங்கேற்றம் அது முடிந்தபின் நிகழ்ந்தது. மென்பொருளுக்கோ நிரலின் முதல் வரி எழுதப்படுமுன்னரே நிகழ்தல் வேண்டும். என்ன வேண்டும் என்று கூறும் தேவை ஆவணமும், எவ்வாறு அமையும் என்று கூறும் வடிவமைப்பு ஆவணமுமே முதலில் அவையேறத் தக்கவை.

இதன் இன்றியமையாமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். 1996 ஆம் ஆண்டு யூன் 4 ஆந் திகதி, பிரெஞ்சுக் கயானாவிலிருந்து முதன்முறையாக எழுந்த ஏரியன் 5 ரொக்கெட்டு, ஏறத்தாழ 40 விநாடிகளிற் சிதறியது. அது சுமந்து சென்ற 4 செய்மதிகளும் அழிந்தன. திசையறி கருவியின் மென்பொருள் 64 பிட் எண்ணொன்றை 16 பிட் முழுவெண்ணாக மாற்ற முயன்றது. எண் அதனுள் அடங்காமையாற் கருவி செயலிழந்தது. ஏரியன் 4 இல் அதே மென்பொருள் செவ்வனே இயங்கியதே எனின், ஏரியன் 5 இன் பாதை வேறு, வேகமும் வேறு. அப்பாதை விவரம் கருவியின் தேவை ஆவணத்திற் சேர்க்கப்படவில்லை. மீளாய்வுகள் நடவாமலில்லை, நடந்தும் இக்குறை வெளிப்படவில்லை. நிரலுக்குக் காட்டும் அதே கவனத்தை, முடிவுகளுக்குக் காரணங் கூறும் ஆவணங்களுக்கும் காட்டுக என்று விசாரணைக் குழு பின்னர் அறிவுறுத்தியது.

ஆதலின் அவை கூடுதல் மாத்திரம் போதாது. அங்கே வினா எழுதல் வேண்டும். 1976 இல் ஐ.பி.எம். நிறுவனத்து மைக்கல் பேகன் வெளியிட்ட முறையில் நடுவர், வடிவமைத்தவர், நிரல் எழுதுபவர், சோதிப்பவர் என நால்வர் அமர்வர். அமர்வு இரண்டு மணிநேரத்தைக் கடவாது. பிழையைக் காண்டலே அங்கு வேலை, திருத்துதல் பின்னர். கண்ட பிழைகளைக் கொண்டு எழுதியவரின் திறமையை அளத்தலாகாது என்பதும் அவர் விதி. இவ்விதி இன்றேல் எவரும் தம் குறையை வெளிப்படக் காட்டத் துணியார்.

நம்மவரிடத்து இடர் வேறொன்றும் உண்டு. மூத்தோர் வரைந்த ஆவணத்தைக் கையிலேந்தும் இளையோர், ஐயம் எழுந்தும் வாய்திறவாதிருத்தலைப் பலகாற் கண்டுள்ளோம். அதனை அவர்கள் பணிவென்று கருதுகின்றனர். பணிவு சொல்லும் முறையில் அமைவது. சொல்லாது விடுதல் பணிவாகாது. அன்று கேளாத வினாவுக்கு விடை, பல மாதங்கள் கழிந்தபின் பன்மடங்கு செலவோடு வந்து சேரும்.

மாணவச் செல்வங்காள்! 'இவ்வெண் எங்கிருந்து பெறப்பட்டது? இந்நிலை மாறின் யாது நிகழும்?' என்று வகுப்பறையிலேயே வினவிப் பழகுமின். ஆசிரியப் பெருந்தகைகாள்! அவ்வினாவுக்கு இடந்தருமின். கேட்கத் தயங்காத மாணவரும் கேட்கச் சினவாத ஆசிரியரும் கூடி வளர்க்கும் கல்லூரி நீடு வாழ்க!