மாலை நான்கு மணிக்கு அணைந்த நிறம்

ஹார்வர்ட் கலை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பலர் கண்ணெதிரே இருக்கும் சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நடுமுற்றத்தில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். கண்ணாடிக் கூரைக்குச் சற்றுக் கீழே, நான்காம் தளத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், மஞ்சளும் சிவப்பும் ஊதாவும் நீலமும் பச்சையுமாகக் குப்பிகள் அலமாரி அலமாரியாக நிற்கும். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் சேர்க்கத் தொடங்கிய நிறமித் தொகுப்பு அது. இன்று அதில் 2,500க்கும் மேற்பட்ட நிறமிகள் இருக்கின்றன.

முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற்று மேலே போனேன். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைக் கல்லை இடித்தெடுத்த நீலம், எகிப்தியப் பிணங்களை அரைத்துச் செய்த பழுப்பு, பிரம்புப் பழத்தின் பிசினிலிருந்து வந்த சிவப்பு, செப்பும் ஆர்சனிக்கும் கலந்த கொல்லும் பச்சை எல்லாம் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மாவிலை தின்னக் கொடுத்த பசுக்களின் மூத்திரத்தைக் காய்ச்சிப் பிகாரின் முங்கேர் பக்கம் எடுத்ததாக 1883-இல் பதிவான இந்திய மஞ்சள் உருண்டையும் உண்டு. இத்தனை பழசுகளுக்கு நடுவே நம் காலத்து நீலம் ஒன்று. சென்னையில் பிறந்து சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற மாஸ் சுப்பிரமணியனின் குழு, 2009-இல் ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியலுக்கான சேர்மங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது உலையிலிருந்து வெளிவந்த நீலம் அது. இட்ரியம், இண்டியம், மாங்கனீசு மூன்றும் சேர்ந்தது. ஓவியத்துக்காக யாரும் அதைத் தேடவில்லை. ஆனால் அந்தப் பொடி வந்து சேர வேண்டிய இடங்களில் இந்த அலமாரியும் ஒன்று என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இது வேடிக்கைக்கான சேகரிப்பு இல்லை. ஃபோர்ப்ஸ் 1909 முதல் 1944 வரை இங்குள்ள ஃபாக் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். பழைய இத்தாலிய ஓவியங்களை வாங்கியவர். வாங்கியவற்றில் எது பழைய கை, எது பின்னால் வந்தவர் பூசிய பூச்சு என்று பிரித்தறிய முடியாமல் தவித்தவர். படத்தைப் பற்றிப் பேசுகிறவன் படம் எதனால் ஆனது என்று தெரிந்து பேச வேண்டும் என்பதே அவர் பிடிவாதம். அவர் நடத்திய வகுப்பை மாணவர்கள் ‘முட்டையும் சாந்தும்’ என்று அழைத்தார்கள். கலை வரலாறு படிக்க வந்த பிள்ளைகள் முட்டைக் கருவில் நிறம் குழைத்தார்கள். ஈரச் சுண்ணாம்புச் சாந்தைச் சுவரில் பூசி, காய்வதற்குள் தீட்டக் கற்றார்கள். 1925-இல் ஆலன் பரோஸ் இங்கே ஓவியங்களை எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கினார். 1928-இல் ஜார்ஜ் ஸ்டவுட்டும் வேதியியலாளர் ரூதர்ஃபோர்டு கெட்டன்ஸும் இருந்த ஆய்வுப் பிரிவு உருவானது. அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று வேதியியலாளரை வேலைக்கு வைத்துக்கொண்டது அதுவே முதல்முறை. அந்தப் பிரிவுதான் இன்று ஸ்ட்ராஸ் பாதுகாப்பு மையம். 2014-இல் ரென்சோ பியானோவின் வடிவமைப்பில் கட்டடம் புதுப்பிக்கப்பட்டபோது, பெரும்பாலான அருங்காட்சியகங்கள் நிலவறையில் ஒளித்துவைக்கும் இந்த ஆய்வகத்தைக் கூரையடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்கள்.

உள்ளே ஓவியத்துக்கு ஒரு கூடம், காகிதத்துக்கு ஒரு கூடம், சிற்பத்துக்கும் பிற பொருள்களுக்கும் ஒரு கூடம், பகுப்பாய்வுக் கருவிகளுக்குத் தனி அறை. ஓவியக் கூடத்தில் ஓர் அம்மையார் மெல்லிய குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டிருந்தார். விலைக்கு வாங்கும் பஞ்சுக்குச்சி இதற்கு உதவாது. எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தடிமன் என்பது அன்றைய அழுக்கைப் பொறுத்தது. பஞ்சை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஓவியத்தின் ஓரத்தில் காசளவு இடத்தில் உருட்டினார். உமிழ்நீரில் உள்ள நொதிகள் படிந்த அழுக்கை இளக்கிவிடும், வண்ணத்துக்கு ஊறு செய்யாது என்றார். பக்கத்து அறையில் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவிகள். இங்கே எச்சில் தொட்ட பஞ்சு. இரண்டையும் ஒரே மரியாதையோடு பேசுகிறார்கள் என்பதே என்னை முதலில் ஈர்த்தது.

பகுப்பாய்வு அறையில் மணல் துகளைவிடச் சிறிய வண்ணத்துணுக்கு ஒன்றைப் பிசினில் பதித்து, பக்கவாட்டில் தேய்த்து மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் காட்டினார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த கிராமத்துச் சுவரைப் பெயர்த்துப் பார்ப்பதுபோல அடுக்கடுக்காகத் தெரிந்தது. அடியில் வெண்பூச்சு, மேலே ஓவியர் தீட்டிய இரண்டு படலங்கள், அதன்மேல் வார்னிஷ், வார்னிஷுக்கும் மேலே இன்னொரு நிறம். வார்னிஷின் மேல் இருப்பது வேறு கை என்று வேதியியலாளர் சொன்னார். அந்த வேறு கையை எடுத்துவிடலாமா என்பதை மட்டும் அவர் தனியாகச் சொல்ல மாட்டாராம். அதற்குக் கலை வரலாற்றாசிரியர் வர வேண்டும், காப்பாட்சியர் வர வேண்டும், பஞ்சு உருட்டும் அம்மையாரும் வர வேண்டும். நால்வரும் ஓவியத்தைச் சுற்றி நின்று பேசி முடிக்கும்வரை யாரும் தொடுவதில்லை.

இப்படிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்கு மார்க் ராத்கோவின் ஐந்து ஓவியங்களைச் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்ததே அவற்றைப் பார்க்கத்தான், 2015 கோடையில்.

ஹார்வர்டின் ஹோலியோக் சென்டர் கட்டடத்தின் உச்சியிலிருந்த உணவுக்கூடத்துக்காக ராத்கோ வரைந்த சுவரளவு ஓவியங்கள் அவை. 1964 ஜனவரியில் மாட்டப்பட்டன. கட்டடக் கலைஞர் செர்ட் வடிவமைத்த அந்தக் கூடத்தில் பெரிய பெரிய சன்னல்கள். திரை இருந்தும் மூடவில்லை. விருந்துக்கு வந்தவர்களுக்கு ஊரின் காட்சி வேண்டியிருந்தது. ராத்கோ கருஞ்சிவப்புக்காகச் சேர்த்த நிறமிகளில் ஒன்று லித்தால் சிவப்பு. வெயில் பட்டால் நிற்காத நிறமி அது. சில ஆண்டுகளிலேயே சிவப்பு கழன்று, ஓவியத்துக்கு ஓவியம் வெவ்வேறு அளவில் நீலம் பாய்ந்தது. ராத்கோ 1970-இல் இறந்தார். 1979 வாக்கில் ஐந்தையும் இறக்கி இருட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மங்கியதற்குக் காரணம் லித்தால் சிவப்பு என்று பின்னர் வேதியியலாளர்கள் கண்டறிந்தார்கள். காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை.

மேலே வண்ணம் பூசிச் சரிசெய்ய முடியாது. ராத்கோ வார்னிஷ் பூசவில்லை. வார்னிஷ் இருந்தால் அதன்மேல் தீட்டி, பிறகு வேண்டாமென்றால் துடைத்துவிடலாம். இல்லாத இடத்தில் தீட்டுவது ராத்கோவின் வண்ணத்துக்குள்ளேயே நம் வண்ணத்தை ஊறவிடுவதாகும்; திரும்ப எடுக்க முடியாது. இந்தத் தொழிலின் முதல் அறம் திரும்ப எடுக்க முடியாததைச் செய்யாதே என்பதுதான். அதனால் ஓவியங்கள் பல்லாண்டுகள் இருட்டிலேயே கிடந்தன. சும்மா இருந்ததும் ஒரு வேலைதான் என்று நான் நினைக்கிறேன். அவசரப்பட்ட கை ஒன்று அந்த ஆண்டுகளில் உள்ளே வந்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

பின்னால் நடந்தது இது. 1964-இல் எடுத்த எக்டாகுரோம் வண்ணப் படங்கள் இருந்தன. ஆனால் அந்தப் படச்சுருளும் மங்கியிருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் ஒளிப்படத்தின் மங்கலைக் கணக்கிட்டுப் பழைய நிறத்தை மீட்டார்கள். கூடத்தில் மாட்டப்படாமல் வெயிலுக்குத் தப்பிய ஆறாவது ஓவியம் ஒன்று, கணக்குச் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்தது. எம்ஐடி மீடியா லேபின் கணினி ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஒவ்வொரு ஓவியத்திலும் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்று எவ்வளவு நிறம் குறைகிறது என்று கணித்தார்கள். குறைகிற அளவை மட்டும் புரொஜெக்டரிலிருந்து ஒளியாக ஓவியத்தின் மேல் வீசினார்கள். ஓவியத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். கித்தானில் ஒரு துளி வண்ணமும் புதிதாகப் படவில்லை.

கூடத்துக்குள் நுழைந்தபோது புரொஜெக்டர் ஞாபகமே எனக்கு வரவில்லை. கருஞ்சிவப்பும் பழுத்த நாவல் நிறமும் சுவர் முழுக்க நின்றன. தூரிகையின் தடம் தெரிந்தது, கித்தானின் இழை தெரிந்தது. திரைப்படம் பார்ப்பதுபோலத் தட்டையாக இல்லை. நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு ஒளியை அணைப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் பலர் அதற்கென்றே காத்திருந்தார்கள். அணைத்தார்கள். சிவப்பு போய்விட்டது. சாம்பலும் வெளிறிய நீலமும் எஞ்சின. என் பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி தன்னையறியாமல் ஓவியத்தை நோக்கி ஓரடி எடுத்துவைத்தாள். பிறகு கூட்டத்தில் பேச்சு தொடங்கியது. இப்போது இருப்பதுதான் உண்மையான ராத்கோ, மற்றது விளக்கு என்றார் ஒருவர். ராத்கோ பார்க்க விரும்பிய நிறம் எதுவோ அதுதான் ராத்கோ என்றார் இன்னொருவர். கூடம் மூடும் நேரம் வரை ஓயவில்லை.

ஒளியை வீசியது தொழில்நுட்ப வெற்றி. நான்கு மணிக்கு அணைக்க முடிவு செய்ததுதான் காப்பாட்சியர் வேலை என்பது என் கருத்து. நாள் முழுக்கச் சிவப்பாகவே காட்டியிருக்கலாம், பார்வையாளர் மகிழ்ந்து போயிருப்பார்கள். அப்படிச் செய்யாமல், எங்கள் விடை இது, விடைக்கு முன்னிருந்த காயம் இது, நீங்களே பார்த்துப் பேசுங்கள் என்று ஆய்வைக் கூடத்திலேயே திறந்துவைத்தார்கள். பாசல்காரர்களும் எம்ஐடிக்காரர்களும் நிறமி ஆராய்ந்தவர்களும் மாதக்கணக்கில் தங்களுக்குள் பேசியிருக்கக்கூடிய கேள்வி, டிக்கெட் வாங்கி வந்தவர் கைக்கும் வந்தது. பல துறைகளை ஓரிடத்தில் கூட்டுவது பற்றி நம் பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கம் கருத்தரங்கமாகப் பேசுகிறோம். அறிஞர்களை மேடையில் வரிசையாக உட்காரவைத்தால் அவரவர் துறையைப் பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள். நடுவில் ஒரு பொருள் வேண்டும். அது யாருடைய துறைக்கும் முழுதாக அடங்காததாக இருக்க வேண்டும்.

அண்மையில் மறுபடி போனபோது நுழைவுக் கட்டணமே இல்லை. 2023 முதல் எல்லோருக்கும் இலவசம். கலைப் பயில்கூடம் என்று மேல் தளத்தில் ஓர் இடம் இருக்கிறது. சேமிப்பிலுள்ள பொருள்களில் எது வேண்டும் என்று முன்பதிவு செய்தால் எடுத்து வந்து மேசையில் வைப்பார்கள். ஹார்வர்ட் மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நான் இருந்தபோது ஒரு வகுப்பு வந்தது. ஆசிரியர் நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. மாணவர்கள் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஹார்வர்டின் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் ஒரே ஓவியத்தை மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு வரச் சொல்வார் என்று படித்திருக்கிறேன். முதல் அரைமணி சலிப்பில் போகும். சலிப்பைத் தாண்டினால்தான் கண் வேலை செய்யத் தொடங்கும். வேதியியல் மாணவர் ஒருவர் படத்தின் விளிம்பில் நிறம் மாறும் இடத்தைக் காட்ட, வரலாற்று மாணவி அது சட்டம் மறைத்திருந்த பகுதி என்றார். இருவரும் குனிந்து மறுபடி பார்த்தார்கள். இதற்கு ஒரு மேசை, ஒரு நல்ல விளக்கு, பொருளை எடுத்துவந்து வைத்து, முடிந்ததும் பெட்டிக்குள் பத்திரமாகத் திருப்பும் ஊழியர்கள் வேண்டும். அந்த ஊழியர்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பின் கீழும் வருவதில்லை.

நான் தேடிப்போன இன்னொன்று நூலகத்தில் இருந்தது. ஃபாக் அருங்காட்சியகம் 1932 முதல் 1942 வரை ஓவியப் பொருள்களின் தொழில்நுட்பம் பற்றி ஒரு காலாண்டிதழ் நடத்தியது. அதன் 1937 தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்கள் பற்றிய கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் எஸ். பரமசிவன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானி. கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பரமசிவன் அந்தச் சுவரின் சாந்தையும் நிறத்தையும் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து, ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய முறை என்ற முடிவுக்கு வந்தார். இங்கே பிள்ளைகள் சாந்து பூசிக் கற்ற அதே முறை. வரலாற்றாசிரியர் கண்டதை வேதியியலாளர் தொடர்ந்தார். அதை உலகுக்குச் சொல்ல அன்று இருந்த மிகச் சிறந்த இதழ்களில் ஒன்று ஃபோர்ப்ஸின் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. எழும்பூரும் தஞ்சாவூரும் ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜும் ஒரே உரையாடலில் இருந்திருக்கின்றன, கடிதமும் கப்பல் தபாலும் மட்டுமே இருந்த காலத்தில்.

நகலெடுத்துக்கொண்டு ஓவியக் கூடத்துக்குத் திரும்பினேன். அம்மையார் கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே படித்தார். சாந்தின் அடுக்குகளைப் பற்றிய பகுதியை இரண்டாவது முறை படித்தார். பெருமையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: “இவர் சுவரிலிருந்து எடுத்த மாதிரித் துணுக்குகளை எங்கே வைத்திருக்கிறார்கள்? அன்றைக்கு இல்லாத கருவிகள் இன்றைக்கு இருக்கின்றனவே.”

எழும்பூருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். அவர் ஒரு காகிதத்தில், மாதிரியின் எண், எடுத்த உயரம், எந்தச் சுவர், எந்தத் தேதி என்று கேட்க வேண்டியவற்றை வரிசையாக எழுதிக் கொடுத்தார்.