மூவாயிரம் மீட்டர், மேலும் கீழும்

நேபாளத்தில் பூன் ஹில் என்று ஒரு குன்று. கடல் மட்டத்திலிருந்து 3,210 மீட்டர். எங்கள் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே போன ஆழமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பயண நிறுவனம் அனுப்பிய தாளில் அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு இடம் முடிவாகிவிட்டது. எவரெஸ்ட் அடிவார முகாம், அன்னபூர்ணா சுற்று என்று பெரிய பாதைகளும் அதில் இருந்தன. அதற்கெல்லாம் என் முழங்காலும் ஒத்துழைக்காது, அலுவலகமும் ஒத்துழைக்காது.

நான் நந்திதுர்க் லைன் வீட்டுப் பிள்ளை. அப்பா நந்திதுர்க் மைன்ஸில் டிம்பர்மேன். மேற்பாறை இறங்கிவிடாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. ஆழத்தைப் பற்றி அவர் பேசியதில்லை, சூட்டைப் பற்றித்தான் பேசுவார். அடி மட்டங்களில் பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்களை மூடினார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பாதிப்பேர் விடியுமுன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களாகிவிட்டார்கள். என் மாமன் மகனும் அப்படித்தான். இந்தப் பயணத்துக்கு எனக்குத் துணை அவன்தான்.

நேபாளத்துக்குப் போக நமக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஒன்று அறுபது. 2023 ஏப்ரல் முதல் மலைப்பாதைகளில் வெளிநாட்டுக்காரர்கள் கைடு இல்லாமல் நடக்கக்கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். தனியாக நடந்து பழகிய ஐரோப்பியர்களுக்கு இதில் கோபம். எனக்கு அந்தக் கோபம் புரியவில்லை. சுரங்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனை யாரும் தனியாக உள்ளே விட மாட்டார்கள். கல்லைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே அது நிற்குமா விழுமா என்று சொல்லத் தெரிந்த ஒருவர் முன்னால் போவார்.

இந்த மாதிரிப் பயணங்களில் நகரத்தை முன்னும் பின்னுமாக ஒட்டவைத்திருப்பார்கள். உடம்பு பழக ஒன்றிரண்டு நாள், அலுப்புத் தீர ஒன்றிரண்டு நாள். தாளில் 'பண்பாட்டுச் சுற்றுலா' என்று போட்டிருந்தது. காத்மாண்டுவில் பசுபதிநாதர் கோயிலில் கூட்டம் தள்ளியது. கருவறையில் பூசை செய்யும் பட்டர்கள் பரம்பரை வழக்கப்படி கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். 2008 கடைசியில் அரசாங்கம் அதை மாற்றப்பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. வெளியே வரிசையில் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு கன்னடச் சொல்லாவது காதில் விழாதா என்று பார்த்தேன். மணிச்சத்தம்தான் கேட்டது.

பௌத்தநாத்தில் நின்றது வேறு விதம். நேபாளத்திலேயே பெரிய தூபி அது. சுற்றிவர திபெத்தியக் கடைகள், உருளும் மணிச்சக்கரங்கள், தலைக்கு மேல் கொடித் தோரணம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் உச்சிக் கலசம் விரிசல்விட்டு, 2016-ல் புதுப்பித்திருக்கிறார்கள். அதற்கு 30 கிலோவுக்கு மேல் தங்கம் பிடித்ததாம். மச்சான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல எடுத்ததா இருக்குமோ?" என்றான்.

தங்கம் எங்கிருந்து வந்ததோ. ஆனால் புத்தர் எங்கள் ஊருக்குப் புதியவர் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கக் கூலிகள் காசு சேர்த்து நடத்திய சங்கம் அது. வட ஆற்காட்டிலிருந்து பறையர் என்று பேர் சுமந்து வந்த ஒரு தலைமுறை, இரவு ஷிப்ட் முடிந்து வந்து பௌத்தம் படித்திருக்கிறது. அவருடைய 'தமிழன்' இதழ் பின்னாளில் தங்கவயலிலிருந்தே அச்சாகி வந்ததும் உண்டு. தாத்தா வீட்டில் புத்தர் படம் ஒன்று பழைய காலண்டர்களோடு தொங்கிக்கொண்டிருந்தது. அது ஏன் அங்கே இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பௌத்தநாத்தில் மூன்று சுற்று சுற்றினேன். மச்சான் ஒரே சுற்றோடு டீக்கடைக்குப் போய்விட்டான்.

காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்கு 200 கிலோமீட்டர். சாலை போடுகிறோம் என்று தோண்டிவைத்திருந்ததில் பகல் முழுக்க அதிலேயே போயிற்று. பேவா ஏரி அழகுதான். படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

பொக்காராவில்தான் எங்கள் கைடு வந்து சேர்ந்தார். குருங் இனத்தவர், ஐம்பதை நெருங்குகிறவர், அதிகம் பேசாதவர். எந்த ஊர் என்று கேட்டார். பெங்களூர்ப் பக்கம் என்றோம். "கோரமங்கலாவில் நாலு வருஷம் வாட்ச்மேனாக இருந்தேன்" என்று இந்தியில் சொன்னார். அடுக்ககத்தின் வாசலில் நீலச் சட்டை, இரவுப் பணி. மச்சான் என்னைப் பார்த்தான். அவன் அப்பா, என் தாய்மாமன், சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் கடைசிவரை பார்த்ததும் அதே வேலைதான். மூவாயிரம் மீட்டர் ஆழத்தைப் பார்த்தவரும் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் வளர்ந்தவரும் ஒரே நகரத்தின் கேட்டைத் திறந்து மூடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மச்சான் அவரை 'சார்' என்பதை விட்டுவிட்டு 'அண்ணா' என்றே கூப்பிட்டான். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

உல்லேரி வரை இப்போது ஜீப் போகிறது. கைடு அண்ணா எங்களைக் கீழே திக்கேதுங்காவிலேயே இறக்கிவிட்டார். அங்கிருந்து உல்லேரிக்குக் கல்படிகள், மூவாயிரத்துக்கு மேல். எல்லாம் உள்ளூர்க்காரர்கள் உடைத்துச் சுமந்து அடுக்கிய பலகைக் கல். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். மூச்சுக்கு ஒரு தாளமே அமையாது. அரை மணி நேரத்தில் மச்சான் உட்கார்ந்துவிட்டான். "இன்னா மச்சான், இன்னும் எவ்ளோ படி? கேஜ் கீஜ் ஒண்ணும் இல்லியா இங்க?"

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் இங்கே இல்லை. கோவேறு கழுதைகள் உண்டு. கழுத்தில் மணி கட்டி, இரு பக்கமும் சிமெண்டு மூட்டையும் கேஸ் சிலிண்டருமாக ஏறுகின்றன. அவை வரும்போது மலைப்பக்கமாக ஒதுங்க வேண்டும், பள்ளத்தின் பக்கமாக நின்றுவிடக்கூடாது. பிறகு மனிதர்கள். முதுகில் மூங்கில் கூடை, அதன் பாரத்தை ஏந்தும் பட்டை நெற்றியில். கழுத்து நரம்புகள் புடைத்து நிற்க, தரையை மட்டும் பார்த்து ஏறுகிறார்கள். எங்கள் பைகளைத் தூக்கிவந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். பொறுப்பான நிறுவனங்கள் ஆளுக்கு 20, 25 கிலோவோடு நிறுத்திக்கொள்கின்றன. கடைகளுக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, ஆகவே தாங்குகிற மட்டும் சுமை. தூக்கின டன்னுக்குக் கூலி என்பது எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயம் இல்லை.

மலைநடையை இப்படி ஒரு தொழிலாக்கியவர் ஜிம்மி ராபர்ட்ஸ் என்கிற பிரிட்டிஷ் கூர்க்கா அதிகாரி. 1964-ல் காத்மாண்டுவில் கம்பெனி தொடங்கி, கூடாரம், சமையல்காரர், சுமைக்காரர், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்றார். அதற்கு முன், 1957-ல், மச்சப்புச்சரே மலைக்குப் போன குழுவுக்கும் அவர்தான் தலைவர். உச்சிக்கு ஐம்பது மீட்டர்கூட மீதி இல்லாத இடத்திலிருந்து அந்தக் குழு திரும்பியது. 6,993 மீட்டர் உயரமுள்ள அந்த மலை புனிதமானது என்பதால் அதன்பிறகு ஏற அனுமதியே இல்லை. 1880-ல் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி எங்கள் ஊருக்கு வந்ததும் ராபர்ட்ஸின் கம்பெனி மாதிரித்தான். திட்டம் லண்டனில், முதுகு வட ஆற்காட்டில். ராபர்ட்ஸ் கண்டுபிடித்த தொழிலில் கல்தூசி படிந்து யாருக்கும் நுரையீரல் கல்லாகவில்லை என்பது பெரிய வித்தியாசம். அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

உல்லேரிக்கு மேலே காடு. மார்ச் கடைசி, ரோடோடென்ட்ரான் மரங்கள் சிவப்பாகப் பூத்துக் கொட்டியிருந்தன. நீலகிரியில் நாம் பார்க்கிற காட்டுப் பூவரசின் உறவு. நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் சமவெளியில் எங்கும் இல்லாமல், இமயத்திலும் நம் மலைகளிலும் மட்டும் எப்படி நின்றது என்பது தாவர ஆராய்ச்சிக்காரர்களின் பழைய கேள்வி. கோரேபானி 2,860 மீட்டரில் இருக்கிறது. நீலத் தகரக் கூரை விடுதிகள், நடுக்கூடத்தில் இரும்பு அடுப்பு, அதைச் சுற்றிக் காயும் சாக்ஸ்கள். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். மற்றதெல்லாம் மேலே போகப் போக விலை ஏறும்.

விடியற்காலை நாலரைக்கு எழுப்பிவிட்டார் அண்ணா. நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு பூன் ஹில் ஏறினோம். முன்னாலும் பின்னாலும் இருட்டில் விளக்குகள், நூற்றுக்கணக்கில், ஒரே வரிசை; ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, மூச்சுச் சத்தமும் பூட்ஸ் சத்தமும் மட்டும். காலை ஷிப்டுக்கு ஆட்கள் சாஃப்டை நோக்கிப் போவது அப்படியேதான் இருக்கும். மச்சானும் அதையே நினைத்திருக்க வேண்டும். "ஷிப்டுக்குப் போற மாதிரி கீது" என்றான். அந்த உயரத்தில் ஆக்சிஜன் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அப்பா இருந்த இடத்தில் காற்றே கனத்து, கொதித்து, ஈரமாக இருக்கும். இரண்டு இடத்திலும் இருபது அடி நடந்தால் நிற்க வேண்டும்.

மேலே வெளிச்சம் வந்தது. இடப்பக்கம் தௌலகிரி, 8,167 மீட்டர். வலப்பக்கம் அன்னபூர்ணா வரிசை. 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணாவில்தான் 1950-ல் பிரெஞ்சுக்காரர்கள் இருவர் ஏறினார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் மனிதர் ஏறிய முதல் சிகரம். வெயில் பட்டதும் எல்லாம் பொன்னிறம் என்று எழுதுவது வழக்கம். பொன்னை உருக்கிப் பார்த்த ஊர்க்காரன் சொல்கிறேன், அது ஆரஞ்சு நிறம், இருபது நிமிடத்தில் வெள்ளை. கூட்டம் செல்ஃபி எடுத்து முடித்து டீக்கு ஓடிவிட்டது. எனக்கு ஞாபகம் வந்தது விஞ்ஞானிகள். அண்டத்துக்கதிர்களை அளக்க விரும்பியவர்கள் இரண்டு வழியில் போனார்கள்: காற்று மெலிந்த உயரத்துக்கு ஏறினார்கள், இல்லையென்றால் பாறை வடிகட்டித் தருகிற ஆழத்துக்கு இறங்கினார்கள். 1965-ல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தது எங்கள் சாம்பியன் ரீஃபில்தான். அவர்களுடைய கருவிகளைக் கீழே கொண்டுபோனதும் சுரங்கக் கூலிகளே. அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அவ்வளவு கீழே போகிறவர்களுக்கு என்ன சம்பளம்?"

இறங்குகிற வழியில் காந்துருக். கற்பலகைக் கூரை போட்ட குருங் கிராமம். 1986-ல் அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது இங்கேதான். வீட்டுக்கு ஒருவர் பிரிட்டிஷ் பட்டாளத்திலோ இந்தியப் பட்டாளத்திலோ இருந்தவர். அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு இந்தியப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்புவதை நேபாளம் நிறுத்திவைத்திருக்கிறது. இப்போது பையன்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள் என்றார் அண்ணா. பூட்டிய வீடுகள் நிறைய.

கடைசியில் காத்மாண்டுவுக்குப் பக்கத்தில் பாட்டன் நகரம். நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்பது போல அட்டவணையில் ஒரு அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். 1637-ல் கட்டிய கிருஷ்ணர் கோயில், அரண்மனை அருங்காட்சியகம், பொன்வண்ண விகாரம். எனக்கு அதெல்லாம் பின்னால் போய்விட்டது. ஒரு சந்துக்குள் சிலை வார்க்கும் பட்டறை இருந்தது. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, செம்பு ஊற்றுகிறார்கள். நம் சுவாமிமலை முறைதான். பூச்சு வேலைதான் வேறு. பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்து, வெண்ணெய்ப் பதத்தில் சிலைமேல் தடவி, நெருப்பில் காட்டுகிறார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் செம்போடு ஒட்டிக்கொள்ளும். அரைத்த கல்லிலிருந்து தங்கத்தைப் பிடிக்க எங்கள் மில்லிலும் பாதரசம்தான் பூசினார்கள். அதற்குத் தப்பியதைச் சயனைடு பிடித்தது. அந்தச் சக்கைதான் நந்திதுர்க்கில் நான் விளையாடிய சயனைடு மேடு. அங்கே கல்லிலிருந்து பிரித்த தங்கத்தை இங்கே செம்பில் ஏற்றுகிறார்கள், நடுவில் நிற்பது அதே விஷம். பட்டறையில் புகைபோக்கியும் விசிறியும் வைத்திருந்தார்கள். அப்பன் காலத்தில் அதெல்லாம் இல்லை என்றார் அந்த ஆசாரி.

கையகல தாரா சிலை ஒன்றைக் காட்டி, இதற்கு எவ்வளவு தங்கம் பிடிக்கும் என்று கேட்டேன். நாலைந்து கிராம் என்றார். மச்சான் மனதுக்குள் கணக்குப் போட்டான். கடைசிக் காலத்தில் எங்கள் சுரங்கத்தில் ஒரு டன் கல்லை உடைத்து ஏற்றினால் கிடைத்தது அவ்வளவுதான். "ஒரு டன் மச்சான், இத்தினூண்டுல" என்றான்.

பூச்சு வைத்ததன் விலை எங்களுக்குக் கட்டுபடியாகாது. வெறும் செம்பிலேயே ஒன்று எடுத்தோம். எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. மச்சான் பேசினான், முந்நூறு ரூபாய் குறைந்தது, நேபாளப் பணத்தில்.