எங்களில் ஒருத்தி

கடல்! மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லே ஒரு கனவு. காலையில் கண் விழித்தால் முருகன் கோயில் மலை. மாலையில் பள்ளி விட்டு வந்தாலும் அதே மலை. அதன் 365 படிகளையும் எண்ணிக்கொண்டு ஏறாத பிள்ளைகள் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் எங்கள் வகுப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் கடலைப் பார்த்ததில்லை. ஆகவே, "இந்த ஆண்டுச் சுற்றுலா சென்னைக்கு" என்று சிஸ்டர் அறிவித்தபோது நாங்கள் எழுப்பிய கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்துவிட்டார்.

அறிவிப்புடன் நிபந்தனைகளும் வந்தன. நாங்கள் முப்பத்தெட்டுப் பேர், பத்தொன்பது ஜோடிகள். ஜோடியை விட்டு எந்நேரமும் பிரியக் கூடாது. கைப்பேசி கொண்டுவரக் கூடாது. சிஸ்டரின் எண் எழுதிய துண்டுச் சீட்டு ஜோடிக்கு ஒன்று தரப்படும். "தப்பித்தவறிப் பிரிந்துவிட்டால் அழுதுகொண்டு அங்குமிங்கும் ஓடாதீர்கள். கலங்கரை விளக்கின் அடியில் வந்து நில்லுங்கள். சிவப்பும் வெள்ளையுமாக உயர்ந்து நிற்கும். யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்" என்றார் சிஸ்டர். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். பிரிவதாவது!

குறித்த நாளன்று, பொழுது புலரும் முன்பே திருத்தணி ரயில் நிலையத்தில் கூடிவிட்டோம். எங்கள் ஊருக்கும் சென்னைக்கும் சுமார் 80 கிலோமீட்டர்; மின்சார ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி என்று ஒவ்வொரு நிலையத்தையும் உரக்கப் படித்தோம். கட்டுச்சோற்றில் பாதி திருவள்ளூருக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகப் பூங்கா நகர் நிலையம் சென்று, பறக்கும் ரயிலில் ஏறினோம். வீடுகளின் மொட்டை மாடிகளுக்கு மேலே ரயில் ஓடுவதைக் கண்டு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இனி நாங்கள் எழுதப்போவது பெருமைக்குரியது அன்று. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

எங்களில் ஒருத்தி இந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்தவள். ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான். 1960-இல்தான் எங்கள் ஊர் ஆந்திரத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தது என்று வரலாற்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். இருந்தும் அவள் பேசும் தமிழைக் கேட்டு நாங்கள் சிரிப்பது வழக்கம். அதனால் அவள் அதிகம் பேசுவதில்லை. பறக்கும் ரயிலில் அவளுடைய ஜோடி, சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்ததும் தன் பழைய தோழியருடன் போய் உட்கார்ந்துகொண்டாள். துண்டுச் சீட்டும் அவளிடமே இருந்தது. புதியவள் வாசலருகே கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

திருவல்லிக்கேணி நிலையத்தில் ஒரு பெருங்கூட்டம் இறங்கியது. வழியில் நின்றவள், அவர்களுக்கு இடம் விடுவதற்காகத் தானும் கீழே இறங்கி ஒதுங்கி நின்றாள். மறுபடி ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அடுத்த நிலையமான கலங்கரை விளக்கத்தில் இறங்கியதும் சிஸ்டர், "ஜோடி எல்லாம் சரியா?" என்று கேட்டார். "சரி சிஸ்டர்!" என்று ஒரே குரலில் சொன்னோம். அவளுடைய ஜோடியும் சொன்னாள். அவள் பின்னால் வேறு யாருடனோ வருகிறாள் என்று நினைத்துக்கொண்டாளாம். நாங்களும் அப்படியே நினைத்தோம். நினைத்தோமே தவிர, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் 'டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை' என்ற பலகை தென்பட்டது. எங்கள் ஊரில் 1888 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தவர்! திருப்பதியிலும் வேலூரிலும் படித்து, பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் படிக்க வந்து, 1962-இல் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர்! முன்பு எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று வழங்கிய அந்த வீதிக்கு இப்போது எங்கள் ஊர்க்காரர் பெயர். பெருமிதம் தாங்கவில்லை. பலகையின் கீழ் புகைப்படம் எடுக்க வரிசையாக நின்றோம். உயரப்படி நிறுத்திய ஆசிரியை, ஒவ்வொரு தலையாக எண்ணினார். மீண்டும் எண்ணினார்.

முப்பத்தேழு.

சிஸ்டரின் முகத்தில் அன்று நாங்கள் கண்ட மாற்றம் என்றும் மறக்காது. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு ஆசிரியையை வந்த வழியே ரயிலில் அனுப்பினார். இன்னொருவரைக் காவலரிடம் சொல்ல அனுப்பினார். தாம் எங்களை அழைத்துக்கொண்டு கலங்கரை விளக்கை நோக்கி விரைந்தார். ஆசையோடு காத்திருந்த கடல் இடப்பக்கம் விரிந்து கிடந்தது. ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.

விளக்கின் அடியில் அவள் இல்லை.

அங்கே நின்ற அரை மணி நேரம் எங்கள் வாழ்வில் மிக நீண்டது. சிலர் செபமாலை சொன்னோம். சிலர் "முருகா, முருகா" என்றோம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் கதையை மறைக்கல்வியிலும் நன்னெறி வகுப்பிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தொண்ணூற்றொன்பதில் சேர்ந்த ஆடுகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று நினைத்தோம்.

அப்போது வடக்கேயிருந்து, நடைபாதை ஓரமாக, நீலச் சீருடையில் ஒரு சிறு உருவம் வந்தது. ஓடவில்லை; அழவில்லை. புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்களை விளக்கின் உச்சியிலேயே வைத்து நடந்து வந்தது. சிஸ்டர் ஓடினார். அவர் ஓடியதை நாங்கள் அன்றுதான் முதன்முதலில் பார்த்தோம்.

பின்னர் அவள் சொன்னாள். அத்தனை வாக்கியங்கள் அவள் சேர்ந்தாற்போல் பேசி நாங்கள் கேட்டதும் அதுவே முதல் தடவை. நடைமேடையில் சிறிது நேரம் நின்றாளாம். சீட்டு இல்லை, எண் நினைவில்லை. சிஸ்டர் சொன்னது மட்டும் நினைவிருந்தது. படியிறங்கி, பூ விற்கும் பாட்டியிடம், "கடல் எந்தப் பக்கம் ஆயா?" என்று கேட்டாள். "காத்து எங்கேருந்து வருதோ அந்தப் பக்கம் போ கண்ணு" என்றாராம் அந்தப் பாட்டி. காற்றை எதிர்த்து நடந்தாள். கடற்கரைச் சாலை வந்தது. தெற்கே, வெகு தூரத்தில், விளக்குத் தெரிந்தது.

வழியில் கேக்கைப் போல வட்டமான முகப்புடன் ஒரு கட்டிடம் இருந்தது என்றாள். அது விவேகானந்தர் இல்லம் என்று சிஸ்டர் விளக்கினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேர்த்துவைக்க 1842-இல் கட்டப்பட்டதாம். 1897-இல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள்கள் அங்கே தங்கினாராம். அதைத் தாண்டி ஒரு பெரிய கல்லூரி வாசலில் அக்காமார் பலர் நின்றிருந்தனர். அது 1914-இல் சென்னையில் பெண்களுக்கென்று முதன்முதலில் தொடங்கப்பட்ட இராணி மேரிக் கல்லூரி. அவர்களில் ஒருவரிடம் வழி கேட்டிருக்கிறாள். "நானும் வெளியூர்தான். முதல் நாள் தனியே வந்தபோது எனக்கும் கால் நடுங்கியது. நேரே போ; விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினாராம் அந்த அக்கா.

"அப்படியானால் எங்களுக்கு முன்பே கடலைப் பார்த்துவிட்டாயே!" என்றாள் எங்களில் ஒருத்தி.

"தூரத்தில் ஒரு நீலக் கோடுதான் பார்த்தேன். மணலில் இறங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்" என்றாள் அவள்.

எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. நாங்கள் அவளை விட்டுவிட்டு வந்தோம். அவளோ எங்களுக்காகக் கடலை விட்டுவைத்திருந்தாள்.

அதன்பின் மின்தூக்கியில் கலங்கரை விளக்கின் மேல் மாடத்துக்குச் சென்றோம். 1977-இல் இயங்கத் தொடங்கிய இந்த விளக்கு சென்னையின் நான்காவது கலங்கரை விளக்காம். மேலிருந்து பார்த்தபோது, அவள் நடந்து வந்த சாலை ஒரு நாடாவைப் போல வடக்கே நீண்டு கிடந்தது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நாங்கள் அதைத்தான் பார்த்தோம். கப்பல்களைப் பார்க்க மறந்தோம். பிறகு முப்பத்தெட்டுப் பேரும் கைகோத்து மணலில் நடந்து, அலையில் கால் நனைத்தோம்.

கடைசியாக, சாந்தோம் பேராலயம். புனித தோமையார் கி.பி. 52-இல் கேரளக் கரையில் வந்திறங்கி, 72-இல் பரங்கிமலையில் உயிர் துறந்தார் என்பது நம் மரபு. அவருடைய கல்லறைமீது போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம், 1896-இல் இன்றைய வடிவில் எழுப்பப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1986-இல் இங்கு வந்து செபித்தார். மொழி தெரியாத நாட்டில், துணையின்றிக் கரையிறங்கியபோது அந்த அப்போஸ்தலரும் யாரிடமாவது வழி கேட்டிருப்பாரோ? கல்லறையின் முன் முழந்தாளிட்டபோது எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது.

திரும்பும் ரயிலில் சிஸ்டரிடம் உண்மையை ஒப்புக்கொண்டோம். "பார்க்காமலே 'சரி' என்று சொன்னோம் சிஸ்டர்" என்றோம். அவர் சற்று நேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் உங்கள் குரலை நம்பினேனே தவிர, முகங்களைப் பார்க்கவில்லை. தவறில் எனக்கும் பங்குண்டு" என்றார். ஏசியிருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

செய்தி எங்களுக்கு முன்பே ஊர் சேர்ந்துவிட்டது. இனிச் சுற்றுலாவே வேண்டாம் என்று பெற்றோர் சிலர் வந்து சொன்னார்கள். தறி நெய்யும் அவளுடைய அப்பா, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவளுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். "தெரியாத ஊரில் ஒற்றையாக நடந்து வந்து சேர்ந்தவளுக்கு, தெரிந்த பஸ்ஸில் பள்ளிக்கு வந்துபோகத் தெரியாதா?" என்று தெலுங்கில் கேட்டார். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. பதினோராம் வகுப்பில் அவள் எங்களோடு இருப்பாளா என்பது, இதை எழுதும் நாள்வரை முடிவாகவில்லை.

பெற்றோரே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். அன்று தவறியவர்கள் நாங்கள், அவள் தவறவில்லை. எங்கள் தவற்றுக்காக அவளுடைய படிப்பையும், எங்களுக்குப் பின் வரும் தங்கைகளின் சுற்றுலாவையும் நிறுத்திவிடாதீர்கள். தங்கைகளே, உங்களிடமும் ஒன்று: சிஸ்டர் "ஜோடி சரியா?" என்று கேட்கும்போது, பக்கத்தில் நிற்பவளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அவள் அனுமதியோடுதான் இதை எழுதினோம். பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், எங்களில் ஒருத்தி என்று போடு" என்றாள். 'உங்களில்' என்று சொல்லவில்லை; 'எங்களில்' என்றாள். 

— பத்தாம் வகுப்பு மாணவி