பளபளக்குதா? கொஞ்சம் கீழே குனிஞ்சு பாருங்க!

கொடைக்கானல்னு சொன்னதும் உங்க மண்டைக்குள்ள ஒரு லிஸ்ட் ஓடும். ஏரி, சைக்கிள், தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட், மே மாச டிராஃபிக் ஜாம்! அந்த லிஸ்ட்டை மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டு, ஒரு பிப்ரவரி மாசம் அட்டுவம்பட்டிக்குப் போய்ப் பாருங்க. கூட்டம் கிடையாது. காலையில் புல் நுனியெல்லாம் வெள்ளையா உறைபனி. பத்து மணிக்கு மேல் சுள்ளுனு வெயில். கொடைக்கானல் டவுனிலிருந்து சில கிலோமீட்டர்தான். 1984-ல் ஆரம்பிச்ச அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கு. அதனால் இந்த மலைக் கிராமத்துக்கு ஒரு கேம்பஸ் களையும் உண்டு.

போன பிப்ரவரியில் மதுரையிலிருந்து நாங்க நாலு தோழிகள் கிளம்பிப் போனோம். ஒரே காரணம், ஒரு போட்டோ! நாங்க புக் பண்ணின ஹோம்ஸ்டேயில் பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி மரப்பலகை போட்ட ஒரு மேடை. 'டெக்'னு சொல்றாங்களே, அதுதான். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கையில் டீ கிளாஸ், பின்னாடி மேகம்... போஸ் எல்லாம் பஸ்லயே முடிவு பண்ணியாச்சு.

போய் இறங்கினா, டெக்கைச் சுத்தி துணி காயப்போடுற கயிறு கட்டியிருக்கு! "யாரும் ஏறாதீங்க பாப்பா"ன்னாங்க வீட்டுக்கார அக்கா. எங்க முகத்தைப் பார்க்கணுமே!

"ஏங்க்கா, நல்லாத்தானே இருக்கு? பளபளன்னு மின்னுதே?"ன்னு கேட்டா தோழி.

அக்கா பதில் சொல்லலை. எங்களைச் சரிவு வழியா டெக்குக்கு அடியில் கூட்டிட்டுப் போனாங்க. தாங்கு சட்டத்துல ஒரு ஸ்க்ரூ டிரைவரை வெச்சு அழுத்தினாங்க. ஊறின ரஸ்க்குக்குள்ள போற மாதிரி பொதக்குனு உள்ளே போச்சு! எங்களுக்குப் பேச்சே வரலை.

"போன சீசனுக்கு முன்னாடி அவசரமா மேலே வார்னிஷ் மட்டும் அடிச்சேன். மே மாசம் ஒரு பையன் கால் வெச்சதும் பலகை உடைஞ்சு முட்டி வரைக்கும் உள்ளே போயிருச்சு. சிராய்ப்போட போச்சு. அன்னைக்குப் பூராம் எனக்குக் கை நடுக்கம் நிக்கலைம்மா. இந்தச் சீசன் காசுலதான் மக காலேஜ் பீஸ் கட்டணும். ஆனா ஒருத்தர் உயிரை வெச்சு அந்தக் காசு வேணாம்"னாங்க.

அந்த டெக்கை ரிப்பேர் பண்ண வந்திருந்த ஆசாரி அண்ணன்தான் எங்க டீச்சர். மரத்தை மழை கெடுக்காதாம், போகாம தங்குற தண்ணிதான் கெடுக்குமாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் இங்கே வடகிழக்கு மழை. அப்புறம் பனி. பலகை நனையுது, காயுது, மறுபடி நனையுது. விரிசலுக்குள் இருக்கிற தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவிகிதம் பெருக்கும், விரிசலும் அகலும். மேலே அடிச்ச வார்னிஷ் வெயிலிலும் குளிரிலும் வெடிச்சதும், அந்தக் கீறல் வழியா தண்ணி உள்ளே போயிடும். வெளியே வர வழியில்லாம உள்ளேயே உட்கார்ந்துக்கும். மரத்துல ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேல் தங்கினா பூஞ்சைக்கு விருந்துதான். மேலே கண்ணாடி, கீழே ரஸ்க்! இதுதான் அந்தப் பளபளப்போட ரகசியம்.

பனி குறைஞ்சு கோடை மழை தொடங்குறதுக்குள் கிடைக்கிற சில வாரம்தான் மரத்தைச் சரி பண்ண நல்ல நேரம். போட்டோ போனா போகுதுன்னு நாங்களும் சுடிதாரை இழுத்துச் சொருகிக்கிட்டு களத்துல குதிச்சோம்.

முதல் வேலை, பலகை இடுக்குல அடைஞ்சிருந்த யூகலிப்டஸ் இலை, மண் எல்லாத்தையும் பழைய ஹேக்சா பிளேடால் சுரண்டி எடுக்கிறது. இடுக்கு நாலஞ்சு மில்லிமீட்டராவது திறந்து இருந்தாத்தான் தண்ணி வடியும், காத்து போகும். பூந்தொட்டி, பிளாஸ்டிக் மேட் எல்லாத்தையும் அகற்றினா, அடியில் வட்ட வட்டமா கறுப்பு!

அடுத்து பாசி. "பிளீச்சிங் பவுடர் போடலாமா?"ன்னு கேட்டு ஆசாரி அண்ணன்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அது மரத்தோட நாரையே தின்னுடும். கழுவுற தண்ணி நேரா கீழே இருக்கிற பூண்டுப் பாத்திக்குத்தான் போகும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டுங்க, விளையாட்டா? சோப்புத் தண்ணி, நார் பிரஷ், மரத்தோட ரேகை போற திசையில் தேய்ப்பு. அவ்வளவுதான். கம்பி பிரஷ்ஷும் கூடாது. உடைஞ்ச கம்பித் துணுக்கு மரத்துல மாட்டித் துருப்பிடிச்சு கறை விடும்.

அழுகின சட்டமெல்லாம் மாறிச்சு. துருப்பிடிச்ச ஆணிக்குப் பதிலா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ. கைப்பிடியைப் பிடிச்சு உலுக்கி உலுக்கி டெஸ்ட் பண்ணினது நான்தான், ஹி... ஹி! மூணு நாள் வெயிலில் நல்லா காயவிட்டு, பழைய வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டு, கடைசியா லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். மெல்லிசா ஒரு கோட். கால் மணி நேரத்துல, மரம் குடிச்சது போக மிச்சத்தைத் துணியால் துடைச்சிடணும். பலகையோட வெட்டு முனைதான் தண்ணியை அதிகமா உறிஞ்சும் என்பதால் அங்கே மட்டும் கூடுதல் கவனிப்பு. எண்ணெய் பூஞ்சையைக் கொல்லாது, தண்ணி உள்ளே போறதைத் தாமதப்படுத்தும். அதனால் வருஷா வருஷம் செய்யணும்.

ஒரு எச்சரிக்கை மக்களே! லின்சீட் ஆயில் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில் போட்டுடாதீங்க. அந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும், குவிச்சு வெச்ச துணி யாரும் கொளுத்தாமலே பத்திக்கும். பிப்ரவரி, மார்ச் இந்த மலையில் காட்டுத்தீ பயம் இருக்கிற மாசம் வேற. துணியைத் தண்ணியில் முக்கி வைக்கணும், இல்லைன்னா வெட்டவெளியில் தனித்தனியா விரிச்சுக் காயவிடணும்.

கிளம்புற நாள் காலையில் அக்கா அந்தப் பலகை மேல் கொஞ்சம் தண்ணி தெளிச்சாங்க. முத்து முத்தா நின்னுச்சு. உறிஞ்சிட்டா மறுபடி எண்ணெய் கேக்குதுன்னு அர்த்தமாம். கயிறை அவிழ்த்தாங்க. "முதல்ல நீங்க உக்காருங்க பாப்பா"ன்னாங்க. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம். கையில் டீ, எதிரே பள்ளத்தாக்கு, கீழே பூண்டுப் பாத்தி. டெக்கில் பளபளப்பே இல்லை. ஆனா அசைவும் இல்லை.

நீங்களும் போங்க. சொந்த வண்டின்னா, கிளம்புறதுக்கு முன்னாடி இ-பாஸ் விதியைப் பார்த்துக்குங்க. 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது வந்திருக்கு. போய்ச் சேர்ந்ததும் எந்த டெக்கா இருந்தாலும் முதல்ல அடியில் குனிஞ்சு பாருங்க. கைப்பிடியை ஒரு தடவை உலுக்குங்க. பத்துப் பேரா ஏறி நின்னு குதிக்காதீங்க. "பனிக்கு அப்புறம் செக் பண்ணினீங்களாக்கா?"ன்னு கூச்சப்படாம கேளுங்க. நல்லா பராமரிக்கிறவங்க கோவிச்சுக்க மாட்டாங்க, சந்தோஷமாக் காட்டுவாங்க.

அப்புறமா கேமராவைப் பார்த்துச் சிரிங்க!