வியன்னாவில் இரண்டு இரவுகள்

"கதவுக்கு உள்ளால பூட்டு இருக்கோ, பிள்ளை?"

வெளிநாட்டில் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்ட முதற் கேள்வி இதுதான். வாடகை எவ்வளவு, சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதையெல்லாம் பிறகுதான் கேட்டார்.

அது 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். ஒஸ்திரியா நாட்டின் லின்ஸ் நகரில் சமூகப் பணியாளர்களுக்காக நடந்த பத்து நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். பயிற்சி வெள்ளிக்கிழமை முடிகிறது. நாடு திரும்பும் விமானமோ திங்கட்கிழமை காலை, தலைநகர் வியன்னாவிலிருந்து. இடையில் இரண்டு இரவுகளை நானே பார்த்துக்கொள்ள வேண்டும். நாளாந்தச் செலவுக்குத் தந்த பணத்தில் மிச்சம் பிடித்த 170 யூரோ கையில் இருந்தது. விமான நிலையக் கதிரையிலேயே படுத்தெழும்பிவிட்டு, அந்தக் காசை எங்கள் வீட்டுக் கூரை வேலைக்குக் கொண்டுபோவோமா என்றுதான் முதலில் யோசித்தேன். எங்களில் யார்தான் அப்படி யோசிக்கமாட்டோம்?

2009இல் எனக்குப் பதினேழு வயது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தோம். கூடாரத்துக்குக் கதவேது, பூட்டேது? பிறகு உறவினர் வீட்டு விறாந்தை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் நான்கு பேர் ஓர் அறையில். வேலைக்கு வந்த பின்னும் வாடகை அறையில் இன்னும் இருவர். நான் எங்கே படுக்க வேண்டும் என்பதைச் சண்டையும், முகாம் அதிகாரியும், உறவினரும், விடுதிப் பொறுப்பாளரும்தான் தீர்மானித்தார்கள். முப்பத்திரண்டு வயது வரை ஓர் இரவுகூட எனக்கென்று நானே தெரிந்தெடுத்த அறையில் நான் தூங்கியதில்லை. இந்த எண்ணம் வந்த பிறகு விமான நிலையக் கதிரை மனதில் நிற்கவில்லை.

லின்ஸில் என்னோடு அறையைப் பகிர்ந்தவர் பொஸ்னியாவைச் சேர்ந்த ஒரு சமூகப் பணியாளர். 1992இல் அங்கே போர் தொடங்கியபோது, ஆறு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வியன்னாவுக்கு அகதியாக வந்தவர். மனதுக்குள் அவரை அக்கா என்றே அழைத்தேன். அறை தேடுவதற்கும் ஒரு கல்வி உண்டு என்பதை அவரிடம்தான் படித்தேன். ஐரோப்பாவில் பிள்ளைகளையோ சகோதரங்களையோ பார்க்கப் போகும் வாய்ப்பு உங்களில் சிலருக்கும் வரலாம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இன்ரநெற்றில் ஓரிரவுக்கு 24 யூரோ என்று ஓர் இடத்தைக் கண்டு மகிழ்ச்சியோடு அக்காவிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "இது அறையின் விலை இல்லை, கட்டிலின் விலை" என்றார். ஒரே அறையில் எட்டுக் கட்டில்கள், ஆண்களும் பெண்களும் கலந்து. கீழே சிறிய எழுத்தில் அது எழுதப்பட்டிருந்தது. படத்தைப் பார்த்த நான் எழுத்தைப் பார்க்கவில்லை. இத்தகைய விடுதிகள் சிலவற்றில் பெண்களுக்கு மட்டுமான அறைகளும் உண்டு. அது தேவையென்றால் முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

அடுத்தது இடம். வியன்னாவில் 23 வட்டாரங்கள் இருக்கின்றன. நான்கு இலக்கத் தபால் குறியீட்டின் நடு இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைச் சொல்லிவிடும். 1010 என்றால் முதலாம் வட்டாரம், 1070 என்றால் ஏழாம் வட்டாரம். முதலாம் வட்டாரம்தான் பழைய நகரம். அரண்மனை, பேராலயம் எல்லாம் அங்கே. அறை விலையும் அங்கே கூட. அதைச் சுற்றி ஓர் அழகிய வட்ட வீதி. அதற்கு வெளியே சற்றுத் தள்ளி 'கூர்ட்டெல்' என்ற இன்னொரு பெருவீதி. இந்த இரண்டு வீதிகளுக்கும் நடுவில் உள்ள ஆறாம், ஏழாம், எட்டாம் வட்டாரங்களில் பார்க்கச் சொன்னார் அக்கா. அங்கிருந்து பழைய நகருக்கு நடந்தே போகலாம். மலிவு என்று நகரின் ஓரத்தில் அறை எடுத்தால், மிச்சம் பிடித்த காசு பயணச் சீட்டுக்குப் போய்விடும். இரவில் தனியாக நெடுந்தூரம் திரும்பவும் வேண்டும்.

மூன்றாவது, எந்த வகை விடுதி என்பது. வியன்னாவில் 'பென்சியோன்' என்று ஒரு வகை உண்டு. எங்கள் ஊர்ப் பென்சன் அல்ல! பழைய பெரிய மாடிக் கட்டடம் ஒன்றின் ஒரு தளத்தை மட்டும் எடுத்து, பத்துப் பன்னிரண்டு அறைகளோடு ஒரு குடும்பம் நடத்தும் சிறு விடுதி. பெரிய ஹோட்டல்களின் வாசலில் நிற்கும் சீருடைக்காரரும் பளபளப்பும் இங்கே இல்லை. காலைச் சாப்பாடு பெரும்பாலும் உண்டு. வீதிப் பக்கம் பார்த்த அறையைவிட உள்முற்றம் பார்த்த அறை அமைதியானது, பல இடங்களில் விலையும் குறைவு. குளியலறையை மற்றவர்களோடு பகிரச் சம்மதித்தால் இன்னும் குறையும். மெனிக்பாமில் வரிசையில் நின்றவளுக்கு அது ஒரு பிரச்சினையா?

தேடும்போது இன்னொரு விடயமும் அறிந்தேன். கரித்தாஸ் அமைப்பு 2015இல் வியன்னாவில் 'மக்டாஸ்' என்றொரு ஹோட்டலைத் தொடங்கியது. அகதிகளாக வந்தவர்களும் ஹோட்டல் தொழில் தெரிந்தவர்களும் சேர்ந்து அங்கே வேலை செய்கிறார்கள். 2022இல் அது மூன்றாம் வட்டாரத்துக்கு இடம் மாறியது. எனக்கு வேண்டிய நாட்களில் அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அடைக்கலம் தேடி வந்தவர்கள் மற்றவர்களுக்கு அறை திறந்துவிடுகிறார்கள் என்பதே மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

கடைசியில் ஏழாம் வட்டாரத்தில் ஒரு பென்சியோன் பிடித்துக்கொண்டது. ஓரிரவுக்கு 52 யூரோ, காலைச் சாப்பாட்டுடன். நகரசபைக்கான தங்கும் வரி தனி. அம்மாவின் கேள்வியை அப்படியே எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். "உள்ளிருந்து பூட்டலாம். திறப்பு உங்களிடமே இருக்கும்" என்று மாலையே பதில் வந்தது.

சனிக்கிழமை மதியம் வியன்னாவின் மேற்குப் புகையிரத நிலையத்தில் இறங்கினேன். ஒஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டு. சனிக்கிழமையும் மாலை ஆறு மணியோடு சரி. அக்கா சொல்லியிருந்தபடி பாண், வாழைப்பழம், தயிர் எல்லாம் வாங்கிக்கொண்டு நடந்தேன். தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. 1873இலிருந்தே அல்ப்ஸ் மலை ஊற்று நீரைக் குழாய் வழியாக அந்த நகருக்குக் கொண்டுவருகிறார்கள். எந்தக் குழாயைத் திறந்தாலும் குடிக்கலாம்.

விலாசத்தைக் கண்டுபிடித்ததே ஒரு கதை. வீதிப் பெயருக்குப் பின்னால் 14/2/11 என்று இருந்தது. பதினான்காம் இலக்கக் கட்டடம், இரண்டாம் படிக்கட்டு, பதினோராம் கதவு என்று விளங்கிக்கொள்ளக் கால் மணித்தியாலம் பிடித்தது. 'இரண்டாம் மாடி' என்றார்களே என்று ஏறினால் மாடிகள் முடியவே இல்லை. பழைய வியன்னாக் கட்டடங்களில் நிலத்தளத்துக்கும் முதலாம் மாடிக்கும் நடுவில் 'உயர்நிலத்தளம்', 'மெசனின்' என்று வேறு தளங்களையும் வைத்திருப்பார்களாம்! எங்கள் கணக்கில் நான் ஏறியது நான்கு மாடி. முழங்கால் வருத்தமுள்ள அம்மாமாருக்கு அறை பதிவதானால் லிப்ட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இடத்தில், பொது நடைபாதைச் சுவரில் வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றும் அதற்கு மேலே ஒரு குழாயும் இருந்தன. அழகுக்கு வைத்ததாக நினைத்தேன். கதவைத் திறந்த விடுதிக்காரப் பெண்மணி, அறுபது வயதைத் தாண்டியவர், என் பார்வையைக் கண்டு விளக்கம் சொன்னார். அதன் பெயர் 'பசேனா'. வீடுகளுக்குள் குழாய் வராத காலத்தில் ஒரு தளத்திலிருந்த எல்லாக் குடும்பங்களும் இந்த ஒரு குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்களாம். பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்று ஊர்க்கதை கதைப்பார்களாம், சண்டையும் பிடிப்பார்களாம். அந்த வம்பளப்புக்கே வியன்னாப் பேச்சில் தனிச்சொல் ஒன்று இருக்கிறது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் குழாயடி! மெனிக்பாமில் வெறும் வாளியோடு நின்ற வரிசையும், அதற்குள்ளும் அம்மா தேடிக்கொண்ட சிநேகிதிகளும், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அந்த வரிசை வழியாகவே வந்து சேர்ந்ததும் நினைவுக்கு வந்தன. சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்மணி ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார்.

அறை சிறியதுதான். ஆனால் கூரை உயரத்தில் இருந்தது. நடந்தால் மெல்லக் கீச்சிடும் மரத்தளம். ஒன்றன்பின் ஒன்றாக இரட்டை யன்னல். நடுவே ஒரு சாண் இடைவெளி. குளிர்காலத்தில் அந்த இடைவெளிதான் குளிர்சாதனப் பெட்டி என்று தயிர்க் கோப்பையை அதற்குள் வைத்தேன். வெள்ளை விரிப்புப் போட்ட ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு. யன்னலுக்கு வெளியே உள்முற்றத்தில் இலையுதிர்ந்த ஒற்றை மரம்.

கதவைப் பூட்டினேன். திரும்பத் திறந்து பார்த்தேன். மறுபடியும் பூட்டினேன். சிறுபிள்ளை போல மூன்று தரம். பிறகு அம்மாவுக்கு எடுத்தேன். "ஓம் அம்மா, பூட்டு இருக்கு. திறப்பு என்ர கையிலதான்" என்றேன். "அப்ப நிம்மதியா நித்திரையைக் கொள்ளு" என்றார். மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ஞாயிறு முழுக்க நடந்தேன். புனித ஸ்தேவான் பேராலயத்துக்குப் போனேன். 1945 ஏப்ரலில் போரின் கடைசி நாட்களில் அதன் கூரை எரிந்து, பெரிய மணி விழுந்து உடைந்துபோனது. உடைந்த துண்டுகளையும் உருக்கிச் சேர்த்து 1951இல் புதிய மணி வார்த்தார்கள். 1952இல் அது லின்ஸ் பக்கமிருந்துதான் வியன்னாவுக்கு வந்தது. நானும் அதே திசையிலிருந்து வந்தவள் என்பதில் ஏனோ ஒரு சந்தோசம்.

திரும்பும் வழியில், ஒரு வீட்டு வாசலின் நடைபாதையில் சின்னஞ்சிறு பித்தளைத் தகடு ஒன்றைக் கண்டேன். பெயர்களும் ஆண்டுகளும் பொறித்திருந்தன. நாஜிகள் காலத்தில் அந்த வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராத யூத மக்களின் பெயர்கள். ஒஸ்திரியாவில் அப்படி உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 65,000 பேர். அழகான அந்த வீதியில் எத்தனை கதவுகளின் திறப்புகள் உரியவர் கையைவிட்டுப் போயிருக்கும்! நேற்றிரவு நான் ரசித்த உயர்ந்த கூரைகளுக்கும் இப்படிக் கதைகள் இருக்கக்கூடும். பெயரையாவது வாசலில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். குனிந்து வாசித்துவிட்டுத்தான் நடந்தேன்.

திங்கள் அதிகாலை, மேசையில் பாணும் அவித்த முட்டையும் கோப்பியும் வைத்துக்கொண்டே விடுதிக்காரப் பெண்மணி தன் கதையைச் சொன்னார். அவருடைய பாட்டியின் கணவர் போருக்குப் போய்த் திரும்பவில்லை. கையில் இரண்டு பிள்ளைகள், வருமானம் எதுவுமில்லை. இருந்தது பெரிய வீடு ஒன்று மட்டும். ஓர் அறையை வாடகைக்கு விட்டார். பிறகு இன்னொன்று. தான் பிள்ளைகளோடு சமையலறையில் படுத்தார். இன்றைய பென்சியோன் அப்படி வளர்ந்ததுதான். "பாட்டி ஒவ்வோர் அறைக்கும் முதலில் வாங்கிப் போட்டது நல்ல பூட்டு. தனியாக வரும் பெண்ணுக்கு வேறெதையும்விட அதுதான் தேவை என்பார்" என்றார்.

என் அம்மாவும் அந்தப் பாட்டியும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவருக்கும் ஒரே விடயம் தெரிந்திருந்தது.

கணக்குப் பார்த்தேன். வாடகை, வரி, சாப்பாடு, விமான நிலையத்துக்கான ரயில் எல்லாம் போக 31 யூரோ மீதி. கூரைக்கு அது காணாதுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தபோது குற்றவுணர்ச்சியோடு தலையைக் குனிந்தேன். அவர் காசை எண்ணவில்லை. "நல்ல நித்திரையோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அம்மா."

அடுத்த மாதம் அந்தக் காசில் கூரைத்தகடு வாங்காமல், எங்கள் வீட்டு அறைக் கதவுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிப் போட்டோம். அதன் திறப்பு அம்மாவிடம் இருக்கிறது.