26,000 பதிவுத் தபால்கள்

2008-இல் ஓய்வு பெற்றேன். அந்தக் கோடையிலேயே மகள் வற்புறுத்தி அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டாள். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூர். மூன்று மாதம் இருந்தேன். பகலில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம், தெருமுனைப் பெட்டியிலிருந்து தபால்களை எடுத்து வருவது.

ஒருநாள் ஷெரிப் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் ஒரு மனிதரின் புகைப்படம், பெயர், முகவரி, அவர் செய்த குற்றம். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற இவர் உங்கள் வீட்டிலிருந்து ஆயிரம் அடிக்குள் குடியிருக்கிறார் என்று அறிவிப்பு. பேத்திக்கு அப்போது ஆறு வயது. புதிதாகச் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள்.

மகள் அதை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, இனிமே அவளைத் தனியா வெளியே விடாதீங்க" என்றாள். நானும் விடவில்லை. தினமும் மாலையில் சைக்கிளுக்குப் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடினேன். அந்தத் தாள் வந்ததே நல்லது என்றுதான் அன்று நினைத்தேன். இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் முப்பத்தேழு வருஷம் பேரேடு எழுதிய கை சும்மா இருக்குமா? இரண்டு நாளில் பயம் கொஞ்சம் தணிந்ததும் வேறு கேள்விகள் வந்தன. இதை யார் தட்டச்சு செய்தார்? இப்படி எத்தனை தாள் போயிருக்கும்? அந்த மனிதர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்று யார் போய்ப் பார்க்கிறார்?

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆங்கிலச் சட்ட வாக்கியம் எனக்கு இரண்டு முறை வாசித்தால்தான் இறங்கும். ஆனாலும் மகளின் கணினியில் உட்கார்ந்து மெல்ல மெல்லப் படித்தேன். ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை.

கதை இதுதான். 2006-இல் அமெரிக்க மத்திய அரசு ஆடம் வால்ஷ் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டை எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் மூன்று படிநிலைகளாக வைக்க வேண்டும். வைக்காவிட்டால், காவல்துறைக்கும் நீதித்துறைக்கும் வரும் ஒரு மத்திய மானியத்தில் பத்து சதவீதம் வெட்டு. ஒஹாயோ முந்திக்கொண்டது. புதிய முறை 2008 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு, மிக ஆபத்தானவர் என்ற முத்திரையைப் பெரும்பாலும் நீதிபதி விசாரித்துத்தான் குத்துவார். இனி விசாரணை வேண்டாம், குற்றத்தின் பெயரை வைத்தே படிநிலை. பழைய ஆட்களுக்கும் அதேதான். சுமார் 26,000 பேர் புதிதாக வகைப்படுத்தப்பட்டார்கள்.

உங்கள் வகை மாறிவிட்டது என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்சேபம் இருந்தால் அறுபது நாளுக்குள் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆயிரக்கணக்கானோர் போட்டார்கள். போடாமல் இருப்பார்களா? ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு கோப்பு, ஒரு எண், அரசு வக்கீலின் பதில், நீதிபதியின் நேரம்.

இங்கே ஒரு குமாஸ்தா கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பழைய முறையில் கடைசி வகுப்பில் இருந்தவர் பத்து வருஷத்துக்கு, வருஷம் ஒரு முறை ஷெரிப் அலுவலகம் வந்து முகவரியை உறுதி செய்ய வேண்டும். மொத்தம் பத்து வருகை. அதே ஆளை மூன்றாம் படிக்கு ஏற்றினால் தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்க. முப்பது வருஷம் உயிரோடு இருந்தால் சுமார் நூற்றிருபது வருகை. வருகிறவர் ஒருவர்தான். அவர் முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொள்கிற அரசு ஊழியரின் வேலை பன்னிரண்டு மடங்கு. அந்த ஊழியர் அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருந்தால், வெளியே போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பது யார்?

இது எனக்கு ஏன் உறைக்கிறது என்று சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், பெயர் வேண்டாம், ஓர் அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைப் பிரிவில் இருந்தேன். எல்லாப் பயனாளிகளையும் மூன்று வகையாகப் பிரித்து எழுதும்படி ஓர் உத்தரவு வந்தது. நாலு பேர் ஐந்து மாதம் எழுதினோம். எங்கள் தலைமை எழுத்தர் பிரெஞ்சு நிர்வாகத்தில் வேலை கற்றவர். பேரேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது, ஓரத்தில் தேதி போட்டுக் குறிப்பு எழுத வேண்டும் என்பார். ஓரமெல்லாம் சிவப்பு மை. அடுத்த வருஷம் அந்த உத்தரவு ரத்து. மறுபடி எழுதினோம், இந்த முறை ஓரத்தில் இடம்கூட இல்லை.

அந்த ஐந்து மாதத்தில் ஒரு கிழவி வராந்தாவில் வந்து உட்காருவார். வீடு மாறிவிட்டதால் மணியார்டர் திரும்பிப் போகிறது, முகவரியை மாற்றிக் கொடுங்கள் தம்பி என்பார். ஐந்து நிமிஷ வேலை. மனு கட்டுக்கு அடியில் கிடந்தது. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று எத்தனை முறை சொன்னேனோ. கடைசியில் மனுவை எடுத்துத் திருத்தி அனுப்பினேன். அந்த மணியார்டரும் திரும்பியது. அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் 'காலமானார்' என்று எழுதியதும் நான்தான். அந்த உத்தரவுக்கு என்ன செலவானது என்று கேட்டால் எங்கள் அலுவலகம் காகிதம், மை, மிகை நேரப் படி என்று கணக்குக் கொடுத்திருக்கும்.

ஒஹாயோவுக்கு வருகிறேன். 2010 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், நீதிமன்றம் முன்பே தீர்மானித்த வகையை அரசின் இன்னொரு அங்கம் மாற்ற முடியாது என்று சொல்லி, பழைய வகையையே திரும்ப நிறுத்தியது. 2011 ஜூலையில், புதிய சட்டத்துக்கு முன்பு குற்றம் செய்தவர்கள்மேல் அதைச் சுமத்தக்கூடாது என்றும் தீர்ப்பளித்தது. ஏற்றியதை இறக்கினார்கள். இப்போது அங்கே குற்றம் நடந்த தேதியைப் பார்த்து இரண்டு சட்டமும் பக்கம் பக்கமாக நடக்கின்றன. அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் குமாஸ்தாவை நினைத்தால் எனக்குக் கை வலிக்கிறது.

டெக்சாஸ்காரர்கள் முதலிலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். சட்டத்தை அமல்படுத்த 3 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் ஆகும், செய்யாவிட்டால் இழக்கும் மானியம் சுமார் 14 லட்சம் டாலர்தான் என்று கண்டு ஒதுங்கிக்கொண்டார்கள். சிலர் இதைக் கல்நெஞ்சம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிரான்சிலும் 2004 முதல் இத்தகைய பதிவேடு இருக்கிறது. ஆனால் அதைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. இந்தியாவில் 2018-இல் தொடங்கியதும் காவல்துறைக்கு மட்டும்தான். எது சரி என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஆயிரம் அடிக்குள் ஒரு பேத்தி இருந்தால் வாதம் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும்.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, மகளுக்குச் சொல்லாமல் அந்த முகவரியைத் தேடிப் போனேன். நாலு வீடு தள்ளித் திரும்பினால் வந்துவிடும். ஜன்னலில் திரை இல்லை. உள்ளே சாமான் எதுவும் இல்லை. வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை. புல் முழங்கால் அளவு வளர்ந்திருந்தது. அவர் எப்போது போனார், எங்கே போனார் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அந்தத் தாள் குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டு அப்படியே இருந்தது. பேத்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"தாத்தா, நீங்க ஏன் எப்பவும் என் பின்னாடியே வர்றீங்க?"

பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டேன்.