தாங்கும் கால்கள்

சரக்கை அடுக்குவது தொழிலாளியின் வேலை. அதைக் கணக்கில் எழுதுவது குமாஸ்தாவின் வேலை என்று நாம் பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒரு மழைக்காலம் நமக்கு உணர்த்திற்று. அந்த வரலாற்றைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இந்தி வழங்கும் இந்நகருக்கு வந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. நமக்கு வாய்த்தது ஒரு பண்டகசாலை. வரும் பெட்டிகள் ‘பேலட்’ எனப்படும் மரத்தட்டுகளில் ஏறி வரும். தரைக்கும் சரக்குக்கும் இடையே அத்தட்டு இருப்பதால் ஈரம் ஏறாது. போர்க்லிப்ட் வண்டியின் இரு இரும்புக் கரங்களும் அடியில் நுழைந்து தூக்க வழியும் உண்டு.

இத்தட்டின் வரலாற்றில் இரயில்வேக்காரர்களாகிய நமக்கும் ஓர் உறவு உண்டு. 1961ஆம் ஆண்டில் ஐரோப்பிய இருப்புப்பாதை நிறுவனங்கள் ஒன்றுகூடி, 800 மில்லிமீட்டர் அகலமும் 1200 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரே அளவான தட்டை ஏற்றுக்கொண்டன. ஒன்பது மரக்கட்டைகளும் எழுபத்தெட்டு ஆணிகளும் கொண்ட அத்தட்டு, சீராகப் பரப்பிய 1500 கிலோ சுமையைத் தாங்கும். ஆனால் தட்டு தாங்கும் என்பதனால் அதன்மேல் உள்ள பெட்டியும் தாங்கும் என்று ஆகிவிடாது. இதனை நாம் அறியாதிருந்ததுதான் குற்றம்.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதம். சரக்கு நிறைந்து, கிடங்கில் கால் வைக்க இடமில்லை. நாம் நாடாவை எடுத்துக் கூரையின் உயரத்தை அளந்தோம். ஒரு தட்டின் பெட்டிகள்மேல் அடுத்த தட்டு, அதன்மேல் இன்னொன்று என மூன்று அடுக்குகள் கொள்ளும் என்று கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டோம். அப்படியே அடுக்கினார்கள்.

அட்டைப்பெட்டியின் வலிமை பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளிலேயே இருக்கிறது. மழைக்காலக் காற்றின் ஈரத்தை அட்டை உறிஞ்சும்போது அம்மூலைகள் தளர்ந்துவிடும். நாள்தோறும் சுமை அழுத்த அழுத்த, கண்ணுக்குத் தெரியாமல் பெட்டி நசுங்கும். ஏழாம் நாள் பிற்பகலில் கீழ்ப்பெட்டி ஒன்றின் மூலை மடிந்தது. அடுக்கு ஒருபுறம் சாய்ந்து சரிந்தது. அருகே நின்ற முதிய கலாசி ஒருவர் விலகிப் பாய்ந்தார். உயிர் தப்பிற்று, ஆனால் பாதத்தின் இரண்டு எலும்புகள் முறிந்தன.

விசாரணையில் ஈரமே காரணம் என்று முடிவாயிற்று. எவர்மீதும் பழி விழவில்லை. எனினும் பதிவேட்டில் ‘மூன்று அடுக்கு’ என்று எழுதியிருந்த கை நம்முடையதன்றோ? பழங்கள் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். கட்டுப்போட்ட காலை நீட்டிக் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தவர், கோபமின்றி ஒன்று கேட்டார்: “பாபுஜி, நீங்கள் கூரையை அளந்தீர்கள். கீழே இருந்த பெட்டியை யார் அளந்தது?” நம்மிடம் விடையில்லை.

அதன்பின் நவராத்திரி வந்தது. நமது குடியிருப்போ இரண்டு அறை. இல்லத்தரசியார் இரும்புக் கால்களின்மேல் பலகைகளைப் பரப்பிக் கொலுப்படி அமைத்து, படிகளின் அடியிலேயே டிரங்குப் பெட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டார். ஐந்தாம் நாள் ஒரு பட்டுப்புடவை வேண்டும் என்று அடியிலிருந்த பெட்டியை இழுத்தார். “பொம்மைகள் விழுந்துவிடப் போகின்றன!” என்று பதறினோம். அவர் சிரித்து, “பாரம் பெட்டி மேலயா இருக்கு? கால் மேலன்னா இருக்கு!” என்றார். பொம்மை ஒன்றும் அசையவில்லை. நமக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை.

பாரம் சரக்கின் வழியே இறங்கலாகாது; காலின் வழியே தரைக்கு இறங்க வேண்டும். இதுவே நாம் கண்ட உண்மை. மரத்தட்டு உட்காரும்படி ஓர் இரும்புச் சட்டம். அதன் நான்கு மூலைகளிலும் கழற்றி மாட்டத்தக்க கால்கள். ஒவ்வொரு மூலையின் அடியிலும், கீழ் அடுக்கின் கால்தலைமேல் கவிழ்ந்து அமரும் ஒரு கிண்ணம். இவ்வாறு படம் வரைந்து பொறியாளரிடம் காட்டினோம். அவர் நகைக்கவில்லை, தாளை வாங்கிக் கணக்கிட்டார்.

தட்டுக்கு 600 கிலோ சரக்கு. தட்டும் சட்டமும் கால்களும் 60 கிலோ. நான்கு அடுக்கு எனில், அடி அடுக்கின் கால்கள் மேல் மூன்றையும், அதாவது 1980 கிலோவைத் தாங்க வேண்டும். நான்கும் பகிர்ந்தால் காலுக்கு 495 கிலோ. “ஆனால் தரை மேடுபள்ளமாயின் எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டே பெரும்பாரத்தைச் சுமக்கும், ஆகவே காலுக்கு 990 என்றே கொள்ளுங்கள்” என்றார் அவர். நெடிய கால் நசுங்கி முறிவதில்லை, வளைந்தே வீழும் என்பதையும், அதே கால் இருமடங்கு நீண்டால் வளையாமல் தாங்கும் ஆற்றல் நான்கில் ஒன்றாகிவிடும் என்பதையும் அவரே விளக்கினார். ஆதலால் பெட்டிகளுக்கு மேல் ஒரு சாண் இடைவெளி மட்டும் விட்டுக் காலின் உயரத்தைக் குறைத்தோம். கால்களுக்கிடையே குறுக்குச் சட்டமும் வைத்தோம்.

முதலில் செய்தவை குறையுடையனவாகவே இருந்தன. கிண்ணம் நேராக இருந்தமையால் வண்டி ஓட்டுநர் கால்மேல் பொருத்த மிகவும் வருந்தினார்; அதன் வாயைப் புனல்போல் விரித்தபின் தானே வழுகி அமர்ந்தது. காலைப் பூட்டும் ஊசிகள் தொலைந்தன, சங்கிலியில் கோத்தோம். பாரம் ஒரே புள்ளியில் தரையைக் குத்தாதபடி அடிக்கால்களுக்குத் தகடு வைத்தோம். கணக்கிட்ட சுமையினும் ஒன்றரை மடங்கு ஏற்றி ஓர் இரவு முழுதும் வைத்துப் பார்த்தபின்னரே சரக்கை ஏற்றினோம்.

இடமும் மிஞ்சிற்று. தட்டு ஒன்று 1200 × 1000 மில்லிமீட்டர். இருபத்துநான்கு தட்டுகளைத் தரையில் பரப்பினால் ஏறத்தாழ 29 சதுர மீட்டர் வேண்டும். நான்கு நான்காக அடுக்கினால் 7 சதுர மீட்டருக்குச் சற்று மேல். வெறுந்தட்டுகளைக் கால் கழற்றி வைத்தால், பத்தும் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரே தட்டின் இடத்தில் அடங்கிவிடும். கால்களோடு நிறுத்தினால் மூன்று தட்டின் இடம் வேண்டும்.

எனினும் இரும்புக் கால் வந்ததனால் கவலை ஒழிந்தது என்று அன்பர்கள் எண்ணலாகாது. வண்டி இடித்துக் கோணிய கால், பார்வைக்குச் சிறு வளைவே ஆயினும், பழைய பாரத்தைத் தாங்காது. அதை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். கனத்த சரக்கு கீழே, இலேசானது மேலே. ‘தட்டுக்கு 600 கிலோ, நான்கு அடுக்கு, அதற்குமேல் இல்லை’ என்று இந்தியில் எழுதிய பலகை இப்போது கிடங்குச் சுவரில் தொங்குகிறது.

அந்த முதியவர் பணிக்குத் திரும்பிய நாளில், புதிய அடுக்கைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு காலையும் கையால் தட்டிப் பார்த்தார். பின் தலையசைத்தார். அன்று பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தியைக் கோடிட்டோம். அதன் தலைப்பு: ‘அடிக்கால் பார்க்கப்பட்டது’. அப்பத்தியில் முதற் கையொப்பம் அடுக்குபவருடையது. நம்முடையது அதற்குப் பின்னரே.